ஒட்டியவரே பிரிக்கட்டும்

உட்காரச் சொன்னால் தயங்குகிறவர்களைத் துப்பறிவாளர் நிறையப் பார்த்திருக்கிறார். நாற்காலியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு நின்றவர், அன்று காலை வந்த அந்த அம்மாள் ஒருவர்தான். கீழே சலவைக் கடை. அங்கிருந்து ஏறி வரும் ஆவியில் அந்தச் சின்ன அறை எப்போதும் புழுங்கும். வந்தவர் அதற்கு மேலே கொதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு சாயங்காலம் நகராட்சியில விசாரணை. என் டாக்ஸி உரிமத்தைப் பிடுங்கப் போறாங்க. மீட்டர்ல திருட்டுத்தனம் பண்ணேனாம். யாரு? நான்!"

துப்பறிவாளரின் மச்சான் துள்ளி எழுந்தார். மனைவியின் தம்பி, வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று வந்து, உதவியாளராகவே தங்கிவிட்டவர். அன்றைக்கென்று பார்த்துப் புது வெள்ளைப் பேண்ட் போட்டிருந்தார்.

"அத்தான், இவங்கதான் மீட்டரக்கா! ஆஸ்பத்திரி வாசல் ஸ்டாண்டு. சொந்த சம்பந்தி ஏறினாக்கூட மீட்டர் போடுவாங்க."

"ஏன், சம்பந்திக்குன்னு தனியா ரோடு போட்டு வெச்சிருக்காங்களா?" என்றார் மீட்டரக்கா.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்துவிடுகிற ஆள் அவர். "விஷயத்தை முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா" என்றார்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்க இத்தனை டாக்ஸிகள்தான் என்று நகராட்சி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஓர் உரிமம் ரத்தானால், வரிசையில் முதலில் காத்திருப்பவருக்கு அந்த இடம் போகும். அப்படி முதலில் நிற்பவர் லிமோசின் கம்பெனி முதலாளி. தானும் வெள்ளைக் கையுறை போட்டு, தன் ஓட்டுநர்களுக்கும் போட்டுவிடுகிறவர் என்பதால் ஊரில் அவருக்குக் 'கையுறை' என்றே பெயர். அவருடைய நீள வண்டிகள் முன்பதிவு செய்தவர்களை மட்டுமே ஏற்றலாம். வாசலில் நின்று ஆள் பிடிக்கக் கூடாது. பிடித்தார்கள். மீட்டரக்கா குறுக்கே வண்டியை நிறுத்தி, 'முன்பதிவைக் காட்டு' என்று கேட்டார். அதிகாரியைக் கூட்டி வந்து அபராதமும் போட வைத்தார். அது நடந்த சில வாரங்களிலேயே இது.

"சீல் உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"அதான் இல்ல! முன் சக்கரம் உருள உருள, மீட்டரும் வேக முள்ளும் அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கும். நடுவுல எவனும் கை வைக்கக் கூடாதுன்னு நகராட்சியே ஈயச் சீல் அடிச்சிருக்கு. சீல் அடிச்சது அடிச்சபடி இருக்கு. ஆனா நேத்து சோதனை ரோட்டுல ஓட்டினப்ப மீட்டர் தூரத்தைக் கூட்டிக் காட்டுது. நானே பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். பரிசோதகர் என்ன சொல்றார் தெரியுமா? சீலே போலியாம்!"

"அப்புறம்?"

"கண்ணாடியில சிவப்புத் தாளை ஒட்டி, வண்டியை நகராட்சி முற்றத்துல நிறுத்திட்டார். 'தெரியாம நடந்த தப்பு'ன்னு கையெழுத்துப் போட்டா ஆறு மாசம் தடையோட விட்டுடுறாராம். போடலன்னா உரிமமே போயிடுமாம்."

மச்சான் இரக்கத்தோடு சொன்னார். "ஆறு மாசம்தானேக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

"கடிக்க மாட்டேன். போட மாட்டேன். வண்டி போனாலும் சண்டை போட்டுத்தான் போகும். ஊருக்குள்ள எனக்கு இருக்கிறது ஒரே ஒரு பேரு. அதையும் திருட்டுப் பேருன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?" அவர் குரல் லேசாக உடைந்தது. உடைந்ததற்காக அவருக்கே கோபம் வந்தது தெரிந்தது.

துப்பறிவாளர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். "இந்த வாரம் வண்டி எப்படி ஓடுச்சும்மா? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

"வண்டிக்கென்ன, நல்லாத்தான் ஓடுச்சு. ரோட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் பொறுமை போயிடுச்சு. ஊருக்குள்ள டாக்ஸி நாப்பதுக்கு மேல போகக் கூடாதுன்னு விதி. நான் முள்ளை நாப்பதுலயே வெச்சுப் போவேன். செவ்வாய்க்கிழமை காலையிலேர்ந்து பின்னாடி வர்ற அத்தனை பேரும் ஹாரன் அடிக்கிறாங்க. தினமும் வணக்கம் சொல்ற பள்ளிக்கூட வேன்காரர், 'என்னக்கா, தூங்கிக்கிட்டே ஓட்டுறீங்களா'ன்னு கேட்டுட்டுத் தாண்டிப் போறார்."

"அதுக்கு முன்னாடி?"

"திங்கக்கிழமை வரைக்கும் யாரும் வாயைத் திறக்கல. ஆங், இன்னொண்ணு. ஸ்டாண்டு வேகத்தடையில முன்பக்கம் அடி உரசுது. அது என்னிக்கும் உரசினதில்ல."

"மனசு சரியில்லன்னா எல்லாம் அப்படித்தான் தோணும்" என்று மச்சான் ஆறுதல் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை இவங்க மனசு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் துப்பறிவாளர். "ராத்திரியில யாரும்மா ஓட்டுறது?"

"என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் போனப்புறம் எனக்குத் துணை அவன்தான். நல்ல பையன். என்ன, தொப்பி போட்டுக்கிட்டு நீள வண்டி ஓட்டணும்னு ஒரு பைத்தியம்."

நகராட்சியின் பின்முற்றத்தில் அக்காவின் டாக்ஸி நின்றது. முன் கண்ணாடியில், ஓட்டுநர் முகம் இருக்க வேண்டிய இடத்தில், 'ஓட்டத் தகுதியற்றது' என்று சிவப்புத் தாள். மச்சான் நேராக உள்ளே பாய்ந்தார். மீட்டருக்கு அடியில் காந்தம் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய முடிவு. இருக்கைகளைக் கவிழ்த்தார், தரை விரிப்பைத் தூக்கினார், முன் சக்கரத்தில் முழங்காலை முட்டுக் கொடுத்து வண்டிக்கடியிலும் எட்டிப் பார்த்தார். எழுந்தபோது காந்தம் கிடைக்கவில்லை. வெள்ளைப் பேண்டில் ஒரு கறுப்புக் கோடு கிடைத்திருந்தது.

"ஐயோ, புதுசு அத்தான்!"

துப்பறிவாளர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு நான்கு சக்கரங்களையும் சுற்றிவந்து, ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் கட்டைவிரலால் தேய்த்தார். முன்னிரண்டிலும் விரல் மினுமினுவென்று கறுத்தது. பின்னிரண்டில் வெறும் புழுதி.

"டயருக்கு ஏதாவது பூசுவீங்களாம்மா?"

"பூசி, பொட்டு வெச்சு, பொண்ணு பார்க்கவா அனுப்புறேன்? தண்ணி ஊத்திக் கழுவுறதோட சரி."

துப்பறிவாளர் அலுவலகத்துக்குள் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தார். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற புகார் எப்போது வந்தது? திங்கட்கிழமை, அலுவலகம் திறந்த கையோடு, தொலைபேசியில். சொன்னவர் பெயர் சொல்லவில்லை.

அதற்குள் முற்றத்தில் ஒரு நீள வண்டி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. கையுறை இறங்கி, யாரையும் பார்க்காமல் மாடிப்படி ஏறினார். அந்த வண்டிக்குள் எத்தனை விளக்கு என்று பார்க்கும் ஆசையில் மச்சான் சக்கரத்தோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தார். அவருடைய இன்னொரு காலிலும் கோடு விழுந்தது. இந்த முறை அவர் அழாத குறைதான். துப்பறிவாளரோ, எடுத்து வைத்திருந்த சிரிப்பைச் சிரித்தார்.

"மச்சான், அந்தப் பேண்டை மட்டும் துவைச்சுடாதீங்க."

மாலை விசாரணை அறையில் உரிம அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். பரிசோதகர் ஒரு பக்கம், கையுறை மறுபக்கம். கதவோரம் கொழுந்தன். மீட்டரக்கா இங்கேயும் உட்காரவில்லை. பரிசோதகர் கையெழுத்துக்கான தாளை நீட்டினார். அக்கா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஐயா, எல்லாரும் கீழே முற்றத்துக்கு வந்தா நல்லது. சாட்சி மாடி ஏறாது" என்றார் துப்பறிவாளர்.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

"இந்த வண்டியில ரெண்டு பொருள் ஒரே மாதிரி பொய் சொல்லியிருக்கு" என்று துப்பறிவாளர் நிதானமாக ஆரம்பித்தார். "மீட்டர் தூரத்தைக் கூட்டிச் சொல்லுது. வேக முள்ளும் வேகத்தைக் கூட்டிச் சொல்லுது. அம்மா நாப்பதுல போறதா நினைச்சு மெதுவாப் போயிருக்காங்க. அதான் பின்னாடி அத்தனை ஹாரன். மீட்டருக்குச் சீல் இருக்கு. முள்ளுல யாருக்கு என்ன லாபம்? ரெண்டும் சேர்ந்து கெட்டுச்சுன்னா, ரெண்டுக்கும் கணக்குக் கொடுக்கிற இடத்துலதான் கோளாறு."

"முன் சக்கரம்!" என்று கத்தினார் மச்சான்.

"முன் சக்கரம். சக்கரம் சின்னதானா அதே தூரத்துக்குக் கூடுதலாச் சுத்தும். மீட்டர் பாவம், எண்ணினதைச் சொல்லுது. முன்பக்கம் தாழ்ந்ததால வேகத்தடையில அடியும் உரசுது. மச்சான், அந்த ஸ்டெப்னியை இறக்குங்க."

மச்சான் டிக்கியிலிருந்து மாற்றுச் சக்கரத்தை இறக்கி உருட்டி வந்தார். முதலில் பின் சக்கரத்தின் அருகே நிறுத்தினார். உயரம் சரியாக இருந்தது. முன் சக்கரத்தின் அருகே நிறுத்தியதும் ஸ்டெப்னி மூன்று விரல் அகலத்துக்கு மேலே தலையை நீட்டியது. பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஸ்டெப்னி குறையவில்லை.

"டயர் அளவையும் பார்க்கணும்னு உங்க விதியிலேயே இருக்கு. நீங்க சீலைப் பார்த்தீங்க, ஆளைப் பார்த்தீங்க. சக்கரத்தைப் பார்க்கல" என்றார் துப்பறிவாளர்.

கையுறை மெல்ல இருமினார். "அப்போ இந்தம்மாவே சின்ன டயரை மாட்டியிருப்பாங்க. மோசடி மோசடிதானே?"

"மாட்டினது திங்கக்கிழமை ராத்திரி. செவ்வாய்க்கிழமை காலையிலதான் ஹாரன் ஆரம்பிச்சுது. ஆனா புகார் திங்கக்கிழமை காலையிலேயே வந்தாச்சு. நடக்காத திருட்டுக்குப் புகார் கொடுக்கணும்னா, அது நடக்கப் போகுதுன்னு தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும். அம்மா தன் மேல தானே புகார் கொடுத்துக்குவாங்களா?"

துப்பறிவாளர் மச்சானை முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"இந்தப் பேண்டைப் பாருங்க. வலது கால் கோடு டாக்ஸியோட முன் சக்கரத்துல பட்டது. இடது கால் கோடு அந்த நீள வண்டியில பட்டது. ரெண்டும் ஒரே டயர் பாலிஷ். நீள வண்டின்னா டயர் பளபளன்னு இருக்கணும்னு நகராட்சியே விதி வெச்சிருக்கு. முதலாளி ஐயா, உங்க ஷெட்டுல எந்தச் சக்கரம் கைக்கு வந்தாலும் பூசாம வெளியே விட மாட்டாங்க. ரகசியமா மாத்தின சக்கரத்தையும் பழக்க தோஷத்துல பூசி அனுப்பியிருக்காங்க."

"பாலிஷ் கடையில யார் வேணா வாங்கலாம்" என்றார் கையுறை.

"வாங்கலாம். அதனாலதான் வண்டி திங்கக்கிழமை ராத்திரி எங்க நின்னுச்சுன்னு கேட்கணும்."

துப்பறிவாளர் கேட்பதற்கு முன் மீட்டரக்கா திரும்பிவிட்டார். கொழுந்தன் கதவோரத்தில் நின்றதுபோலவே சுவரோரத்தில் நின்றிருந்தான்.

"டேய். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"அண்ணி..." அவன் மூஞ்சியைப் பார்க்கவில்லை. "இவர்தான் ஷெட்டுக்கு வரச் சொன்னார். வண்டியைச் சும்மா கழுவித் தர்றேன், உனக்கு ஒரு நீள வண்டி தர்றேன்னார். நான் உள்ள உட்கார்ந்து டீ குடிச்சேன். வெளிய வந்தா முன் சக்கரம் ரெண்டும் மின்னுது, பின்னாடி அழுக்கா இருக்கு. ஏன்னு கேக்கத் தோணுச்சு. கேட்டா அந்த வேலை கிடைக்காம போயிடும்னு கேக்கல."

மீட்டரக்கா கை நீட்டினார். கொழுந்தன் சட்டைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தான். அக்காவின் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ள அவர் கையைத் தூக்கவில்லை.

கையுறையின் முகம் கறுத்தது. போட்டிருந்த கையுறைகள் மட்டும் வெள்ளையாக இருந்தன. அவருடைய காத்திருப்பு இடமும் லிமோசின் உரிமமும் விசாரணை முடியும் வரை நிறுத்திவைக்கப்படுகின்றன என்று அதிகாரி அங்கேயே அறிவித்தார். ஷெட்டுக்கு ஆள் போனது. அக்காவின் சொந்தச் சக்கரங்கள் இரண்டும் ஒரு நீள வண்டியின் டிக்கியில் ராஜமரியாதையோடு வந்து இறங்கின.

அதிகாரி தாழ்ந்த குரலில் சொன்னார். "சரிம்மா. உங்க மேல தப்பில்ல. சத்தமில்லாம முடிச்சுக்குவோம். நீங்க வண்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

"சத்தமில்லாமலா அந்தத் தாளை ஒட்டினீங்க? ஸ்டாண்டுல இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அவங்க எல்லாரையும் சோதனை ரோட்டுக்குக் கூப்பிடுங்க. அவங்க முன்னாடி ஓட்டிக் காட்டுறேன். அப்புறம் பேசுவோம்."

சக்கரங்களை மாட்டினார்கள். ஸ்டாண்டு முழுக்க வந்து சோதனைச் சாலையின் இரு பக்கமும் நின்றது. பரிசோதகரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சிவப்புத் தாளின் ஓரமாக எட்டிப் பார்த்தபடியே மீட்டரக்கா ஓட்டினார். எல்லைக் கல்லில் வண்டி நின்றபோது மீட்டர் காட்டிய தூரம் சரியாக இருந்தது. பரிசோதகர் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் முறை சொன்னது கேட்கவில்லை என்று ஸ்டாண்டுக்காரர்கள் இன்னொரு முறை சொல்ல வைத்தார்கள்.

மச்சான் உற்சாகமாகக் கண்ணாடியில் கை வைத்தார். "விடுங்க அக்கா, நான் கிழிச்சுடுறேன்."

"கையை எடுங்க தம்பி. ஒட்டினவரே பிரிக்கட்டும்."

நல்ல பசை போட்டுத்தான் ஒட்டியிருந்தார்கள். பரிசோதகர் நகத்தால் சுரண்டினார். எச்சில் தொட்டுச் சுரண்டினார். துணி கேட்டு வாங்கித் துடைத்தார். மீட்டரக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்து, கண்ணாடியில் தன் முகம் முழுதாகத் தெரியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துணுக்கும் போனதும் வண்டியைக் கிளப்பினார்.

கொழுந்தன் ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டான். "அண்ணி... நானும் வீட்டுக்கு வரட்டுமா?"

மீட்டரக்கா தலையால் பின் இருக்கையைக் காட்டினார். அவன் ஏறிக் கதவைச் சாத்தியதும், அவர் கை நீட்டி மீட்டரைப் போட்டார்.