வலது பக்கம் தொடாதே!

டெலிபோன் அலறியது.

சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இரண்டாவது மாடி. சர்ஜன் சத்யப்பிரியா காபியைக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள்.

"டாக்டர்... அந்தோணிசாமிக்கு ஆபரேஷன் பண்ணாதீங்க. மீறிப் பண்ணா உங்களுக்கும் நல்லதில்ல."

வாயில் துணியை வைத்துப் பேசிய குரல். அவள் பதில் சொல்வதற்குள் லைன் செத்தது.

இது மூன்றாவது போன்! அவள் ரிசீவரை ஓங்கி வைத்தாள். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

அந்தோணிசாமி கடலூர் ஓல்டு டவுன் துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். 2007இல் கேன்சருக்காக ஒரு கிட்னியை எடுத்தார்கள். இந்த வருஷம் மே மாதம், நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று தெரிந்தது. பரவினால் மூன்று மாசம்தான் என்று வீட்டில் அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

ஜூன் மாதம் ஐஸ் ஃபேக்டரி முதலாளி ராமாமிர்தம், ஐஸ் உடைக்கும் கம்பியால் குத்தப்பட்டு ஃபேக்டரிக்குள்ளேயே பிணமாகக் கிடந்தார். மறுநாள் அந்தோணிசாமி தானாக ஸ்டேஷனுக்கு நடந்து போய், நான்தான் குத்தினேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தான். ஆள் கேப்பர் மலை ஜெயிலுக்குப் போனான்.

அங்கே இருமல் ஜாஸ்தியாகி, கோர்ட் உத்தரவோடு இந்தச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்கேனில் இடது நுரையீரலில் ஒரு கட்டி, வலதில் இரண்டு. மூன்றும் ஓரத்தில் இருந்தன. உடம்பில் வேறு எங்கும் இல்லை. அந்த ஓரங்களை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டால் வருஷக்கணக்கில் இருக்க வாய்ப்பு உண்டு என்றாள் சத்யப்பிரியா.

அவன் மனைவி மங்கலம் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில், அந்தோணிசாமி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டான். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே முதல் போன் வந்தது.

செத்தவரின் சொந்தக்காரர்களாக இருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர் மணவாளன். சத்யப்பிரியா ஒத்துக்கொள்ளவில்லை. ஆபரேஷன் உண்டு என்பதே வெளியில் யாருக்கும் தெரியாது. இது உள்ளாள் வேலை!

அவள் ஒரு காரியம் செய்தாள். வியாழக்கிழமை இடது பக்கம் ஆபரேஷன் என்று மங்கலத்திடம் சொன்னாள். ஒரே நாளில் இரண்டு பக்கமும் என்று மங்கலத்தின் தம்பி எழிலனிடம் சொன்னாள். அவன் அதே ஐஸ் ஃபேக்டரியில் லாரி ஓட்டுபவன். நோயாளியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்... வலது பக்கம்.

புதன்கிழமை நாலாவது போன் வந்தது.

"நாளைக்கு வலது பக்கம் தொட்டீங்க..."

அவள் மீதியைக் கேட்கவில்லை. ரிசீவரைப் போட்டுவிட்டு வார்டுக்கு ஓடினாள்.

காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் அன்பரசு திருதிருவென்று விழித்தார். பிள்ளைகளிடம் பேச வேண்டும் என்று அந்தோணிசாமி கெஞ்சினான், பாவம் பார்த்து செல்போனைக் கொடுத்தேன் என்றார். அவரைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, சத்யப்பிரியா கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"என்னை மெரட்டினது நீங்கதானா?"

அந்தோணிசாமி தலையைக் குனிந்தான்.

"ஏங்க... உங்க உசுரைக் காப்பாத்தத்தானே நான் அல்லாடுறேன்?"

"நான் செத்தா கேஸும் செத்துடும் டாக்டரம்மா. பொழைச்சேன்னா கோர்ட்டுல தோண்டித் துருவுவாங்க. மங்கலம் மாட்டிக்குவா."

"மங்கலமா?"

"அவதான் குத்துனா. அந்தாளு கையப் புடிச்சி இழுத்திருக்கான்... நான் எப்படியும் போறவன்தானே? போறப்ப இதையும் எடுத்துக்கிட்டுப் போறேனே."

சத்யப்பிரியாவுக்கு நேற்று மங்கலம் அழுதது ஞாபகத்துக்கு வந்தது.

"நேத்து அவுங்க என் ரூம்ல ஒக்காந்து என்ன சொன்னாங்க தெரியுமா? 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்தக் கம்பிய இவரு கையில எடுக்க வுட்டிருப்பனா'ன்னு அழுதாங்க. நீங்கதான் குத்துனீங்கன்னு அவுங்க இன்னும் நம்பிக்கிட்டு இருக்காங்க."

அவன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். விலங்குச் சங்கிலி கட்டிலில் இடித்தது. இருமல் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"அப்ப... அவ இல்லியா?"

"அவுங்கதான்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் உதடு காய்ந்திருந்தது.

"மச்சான். எழிலன். 'அக்கா குத்திடுச்சி மாமா. உனக்கு மூணு மாசம்தான். அதுகிட்ட இதப்பத்தி வாயே தொறக்காத, ஒடஞ்சி போயிடும்'னு என் கால்ல வுழுந்தான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொன்னவன்தான் குத்தியவன்.

அவன் சம்மதத்தோடு மணவாளனுக்குத் தகவல் போனது. எழிலன் காதில் எதுவும் விழக் கூடாது, ஆபரேஷன் நடக்கட்டும் என்றார் அவர்.

வியாழக்கிழமை நாலு மணி நேரம் நடந்தது. பச்சை உடையோடு வெளியே வந்த சத்யப்பிரியா, உயிருக்கு ஆபத்தில்லை என்றாள். மங்கலம் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். எழிலன் சிரித்தான். எல்லாருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பினான்.

டீக்கடை இடது பக்கம். அவன் வலது பக்கம், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான்... இரண்டு மப்டி போலீஸ்காரர்கள் பின்னாலேயே போனார்கள்.

வெள்ளிக்கிழமை ஐ.சி.யூ.வில் மங்கலம் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கொலைகாரின்னு நெனச்சிட்டியே? வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

மணவாளன் உள்ளே வந்ததும் அவள் நிறுத்தினாள். எழிலன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்றார். லாரி டீசலைத் திருடி விற்றது முதலாளிக்குத் தெரிந்து, போலீசுக்குப் போவேன் என்றிருக்கிறார். அதற்குத்தான் அந்தக் கம்பி. பழியைத் தூக்கிக்கொண்டு போக, சாகப் போகிற ஒரு மாமா வீட்டிலேயே இருந்தார்.

மங்கலம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தம்பியை அவள்தான் தூக்கி வளர்த்தவள்.

சத்யப்பிரியா பேச்சை மாற்றினாள்.

"வலது பக்கம் ஸ்கேன்ல ரெண்டுதான் தெரிஞ்சிச்சி. கைய வுட்டுத் தடவுனப்ப இன்னொண்ணு ஒளிஞ்சிருந்துச்சி. மூணையும் எடுத்துட்டேன். இடது பக்கத்து ஒண்ணு அடுத்த மாசம்."

"எனக்கும் ஒண்ணு தட்டுப்பட்டுது டாக்டர்," என்றார் மணவாளன். "சேத்தியாத்தோப்புல, பஸ்ஸோட கடைசி சீட்டுக்கு அடியில பதுங்கியிருந்தான்."

அந்தோணிசாமி கண்ணைத் திறந்தான். தையல் இழுத்தது. மெதுவாக, மூச்சு விட்டு விட்டுக் கேட்டான்.

"எனக்கு மூணு மாசம்னு சொன்னானே சார் மச்சான்... அவனுக்கு எத்தினி வருசம்?"