படி திரும்பும் இடம்

இசக்கிச்செல்வி எட்டு மாத வயிற்றோடு மூன்றாம் மாடிக்குக் குடிவந்தாள். தென்காசியில் வயலைத் தூர்த்து நெருக்கிக் கட்டிய கட்டடம். கட்டியவருக்கு வாடகை வரும் அறைகள்மேல்தான் கண். மிச்சம் விழுந்த இடத்தைப் படிக்கட்டுக்குப் போட்டிருந்தார், மகராசன். எதிரில் ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்திலேயே குற்றாலத்தில் சாரல் அடிக்கும். இங்கே அடுத்த வீட்டுக் குழம்பு வாசம்தான் அடிக்கும்.

அந்த வாரமே மேல்மாடி பார்வதியம்மாள் இறந்துபோனாள். கட்டிலோடு இறக்கப் பார்த்தார்கள். படி திரும்பும் இடத்தில் கட்டில் திரும்பவில்லை. கடைசியில் உடலை நிற்க வைத்து, அணைத்தபடி இறக்கினார்கள்.

காய்கறிப் பையோடு ஏறிவந்த செல்வி அங்கே மாட்டிக்கொண்டாள்.

"பிள்ளைத்தாச்சி எதுக்க வரக்கூடாதும்மா, கீழ போ," என்றார் பிணத்தை அணைத்து வந்தவர்.

எப்படிப் போவாள்? பின்னால் மாலையோடு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுவரில் ஒட்டிக்கொண்டாள். பிணத்தின் குளிர்ந்த கன்னம் அவள் கன்னத்தில் உரசிப் போனது.

அதன்பிறகு அந்தத் திருப்பத்தில் சாம்பிராணி வாசம் போகவே இல்லை.

ஒரு மத்தியானம் வலி எடுத்தது. கரண்டும் இல்லை. போலீஸ்காரப் புருஷன் பேச்சிராஜ் புளியறை சோதனைச் சாவடியிலிருந்து போனில் பேசினான்.

"ஆட்டோ கீழ நிக்கி. மெல்ல இறங்கு, வந்துட்டே இருக்கேன்."

துணைக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரும் திறக்கவில்லை. ஒட்டி ஒட்டி வாழ்ந்ததில் எந்தச் சத்தமும் காதில் ஏறாமல் இருக்கப் பழகியிருந்தார்கள்.

இருட்டுப் படியில் தனியாக இறங்கினாள்.

திருப்பத்தில் யாரோ நின்றார்கள்.

"கொஞ்சம் வழி விடுங்க. வலி வந்துட்டு."

அசைவில்லை. சாம்பிராணி வாசம் நெஞ்சை அடைத்தது.

"ரெண்டு உசிரு போக இடம் இல்லட்டி," காதருகே குரல் கிசுகிசுத்தது. "ஒரு உசிர விட்டுட்டுப் போ."

செல்வி ஒரு படி பின்வாங்கினாள். ஆனாலும் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமே. பக்கவாட்டில் திரும்பி, வயிற்றைக் கையால் மூடி, நெருக்கி நுழைந்தாள். குளிர்ந்த உடம்பு ஒன்று வயிற்றோடு அழுந்தி விலகியது.

வலி நின்றது.

உள்ளே உதைத்துக்கொண்டிருந்ததும் நின்றது.

ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பினாள். பால் கட்டி மார்பு கல்லாகக் கனத்தது. பேச்சிராஜ் பின்னால் தாங்கிப் பிடித்து ஏற்றினான். திருப்பத்தில் அவள் தானாகச் சுவரோடு ஒதுங்கினாள்.

"ஏன் நிக்கே? யாருமில்லையேட்டி."

அவள் நெஞ்சருகே சின்னதாக ஒரு மூச்சு பட்டது. கட்டியிருந்த பால் மெல்ல இறங்கத் தொடங்கியது. கனம் குறைந்துகொண்டே வந்தது.

தொட்டுப் பார்த்தாள். ரவிக்கையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.