நோரீன் எழுதாமல் விட்ட பெயர்

"டீ ஆறிப்போச்சுன்னு அவகிட்ட சொல்லு."

மலக்கி டூஹி இதைத் தன் அக்கா அட்ராக்டாவைப் பார்த்துத்தான் சொன்னார். 'அவ' என்று சொல்லப்பட்ட நோரீன் இரண்டடி தூரத்தில் அடுப்பருகே நின்று அவருக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள். ஏப்ரல் மாதத்திலிருந்து அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான். அவர் அக்காவிடம் சொல்வார், அக்கா இவளிடம் சொல்வாள், இவள் செய்வாள்.

"காதுல விழுந்துச்சா நோரீன்?" என்றாள் அட்ராக்டா. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று தம்பி வீட்டோடு தங்கிவிட்டவள்.

"விழுந்துச்சு அண்ணி. வேற போட்டுத் தரேன்."

"டீயை வேற போட்டுடலாம். விட்டுப்போன பேரை வேற போட முடியுமா? இன்னிக்கு அரையிறுதி. அந்தப் புள்ள மட்டும் இருந்திருந்தா..."

"அக்கா, விடு" என்றார் மலக்கி. மனைவிக்குப் பரிந்து அல்ல. அந்தப் பேச்சை அவராலேயே தாங்க முடியவில்லை. முட்டையைத் தொடாமல் எழுந்து போனார். நோரீன் தட்டை எடுத்துக் கழுவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் அங்கே யாருக்கும் மனசில்லை.

என்னதான் செய்தாள் இவள்? கேட்டால் சின்ன விஷயமாகத்தான் தோன்றும். ஆனால் கில்வாரா தேவாலயப் பங்கில் அது சின்ன விஷயமில்லை. அங்கே ஒருவன் எந்தக் கோவில் பூசைக்குப் போகிறானோ அந்தப் பங்கின் கிளப்புக்குத்தான் ஹர்லிங் என்கிற பந்தாட்டத்தில் மட்டையைத் தூக்குவான். செத்தால் அந்தக் கிளப் சட்டையைத்தான் சவப்பெட்டிமேல் போர்த்துவார்கள். அந்தக் கிளப்பில் பெயர் பதிகிற வேலை பத்தொன்பது வருஷமாக நோரீனுடையது. ஆறு வயதுப் பொடிசு முதல் எழுபது வயதுக் கிழவர் வரை எல்லார் பெயரையும் மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஏற்றிவிட வேண்டும். தேதி தாண்டினால் அந்த வருஷக் கோப்பை ஆட்டத்தில் கால் வைக்க முடியாது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெயர் தவறவில்லை. இந்த வருஷம் ஒன்று தவறியது. அது அவள் பெற்ற ஒரே மகன் ஃபின்டனின் பெயர். இருபத்துமூன்று வயது, பங்கிலேயே அவனைப் போலக் கோல் போடுகிறவன் கிடையாது.

ஏப்ரலில் பயிற்சியாளர் மாட்டி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"நோரீன், கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு போல. உன் பையன் பேரு வரல."

"கோளாறு இல்ல மாட்டி. நான் மறந்துட்டேன்."

"சொந்தப் புள்ள பேரையா?"

"ஆமா."

அவர் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். மலக்கிதான் கிளப்புக்குத் தலைவர். மாவட்டக் குழு வரை போய்க் கெஞ்சினார். விதி விதிதான் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் பிறகு அவளோடு பேசவில்லை.

அவள் மறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் கிளப் மண்டபத்துக்கு மருத்துவர்கள் வந்து ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஃபின்டனுக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவை மட்டும் அழைத்துக்கொண்டு போனான். இதயச் சுவர் தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது, இப்படி ஓடியாடினால் எந்த நிமிஷமும் நின்றுபோகலாம் என்றார் டாக்டர். பிறகு, "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார்.

தாயும் மகனும் தரையைப் பார்த்தார்கள். மலக்கியின் தம்பி டெஸ்ஸி இருபத்திரண்டு வயதில் ஆடுகளத்திலேயே விழுந்து செத்தான். நெஞ்சில் பந்து பட்டது, அதனால்தான் என்று ஊரும் நம்பியது, வீடும் நம்பியது. அணிக்குக் கேப்டன் மலக்கி. கல்யாணமான புதிதில் ஒரு நாள் மலக்கி நோரீனிடம் சொல்லியிருந்தார். "இடைவேளையில அவன் களைப்பா இருக்குன்னான். நான் திட்டி அனுப்பினேன். ஆனா பந்துதானே அவனைக் கொன்னுது? என் பேச்சு இல்லையே?" அவளும், "பந்துதாங்க" என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனுஷர் குடியை விட்டார், பிள்ளை பெற்றார், கிளப்பை நடத்தினார்.

திரும்பி வரும்போது காரை ஓரமாக நிறுத்தி ஃபின்டன் அழுதான். "அப்பாகிட்ட சொல்லாதம்மா. சித்தப்பா எதனால செத்தாருன்னு அவருக்குத் தெரிஞ்சுடும். அவரு உடைஞ்சு போயிடுவாரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

அவளும் சத்தியம் செய்தாள். உடனே அடுத்ததைச் சொன்னான்: "இந்த ஒரு வருஷம் மட்டும் ஆடிட்டு விட்டுடறேன். இந்த வருஷம் கோப்பை நம்மளுது."

அதற்கு அவள் சத்தியம் எதுவும் செய்யவில்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள், அவன் மசியவில்லை. மார்ச் முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்களை ஏற்றினாள். கடைசியில் அவன் பெயருக்கு வந்தாள். அதை ஏற்றாமல் அப்படியே கம்ப்யூட்டரை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு வேக வைத்தாள். பதிவில்லாதவனை எந்தப் பங்கிலும் ஆட விட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஃபின்டனுக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. "நீ பண்ணது துரோகம்மா" என்றான். அடுத்த வாரமே லிமரிக் நகரத்தில் வேலை தேடிக்கொண்டு போனான். உண்மையை அவனும் வாய் திறந்து சொல்லவில்லை. அம்மாமேல் ஊர் ஏசட்டும் என்று விட்டுவிட்டான். பெற்ற பிள்ளைதான், என்ன சொல்வது?

அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. பரம்பரை நோயாச்சே, மலக்கிக்கும் இருந்தால்? இலவசப் பரிசோதனை என்று கதை கட்டி, அட்ராக்டாவைக் கிளப்பிவிட்டு, அவள் மூலமாகவே மலக்கியையும் மருத்துவரிடம் அனுப்பினாள். இருவருக்கும் ஒன்றுமில்லை என்று வந்தது. அன்றைக்குக் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "வயித்துக்கு என்ன?" என்று வெளியிலிருந்து அட்ராக்டா கேட்டாள்.

கோடையை எப்படித் தள்ளினாள் என்று அவளுக்கே தெரியாது. ஜூலையில் பிள்ளைகளுக்கு ஒரு வார முகாம். எண்பது பிள்ளைகளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவ வருஷாவருஷம் முன்னால் நிற்பவள் அவள். இந்த வருஷம் செயலாளரின் மனைவி கிரெட்டா கத்தியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ டீ கப்பு கழுவு நோரீன். எண்ணிக்கை விட்டுப்போற வேலை வேணாம்."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். நோரீன் கழுவினாள். ஆகஸ்டில் டெஸ்ஸி நினைவுக் கோப்பைக்குச் சிறுவர் ஆட்டம் நடந்தது. வென்ற பிள்ளைக்குக் கோப்பை கொடுக்கும்போது மலக்கி எப்போதும் போலத் தம்பியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். "ஒரு பந்து... விதி..." என்றார். அவள் கூட்டத்தின் பின்னால் நின்று கேட்டாள். சொல்லிவிடலாமா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

செப்டம்பர் ஞாயிறு, அந்த அரையிறுதி. கில்வாரா ஒரே ஒரு புள்ளியில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் துக்கவீட்டுக்கு வந்தவர்கள் போல ஆண்கள் வரிசையாக வந்து மலக்கியின் கையைக் குலுக்கினார்கள். "பையன் இருந்திருந்தா..." என்று எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். நோரீனின் கையை யாரும் குலுக்கவில்லை. அழுக்குச் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக் காருக்குத் தூக்கிக்கொண்டு போனாள், அடுத்த நாள் துவைத்துக் கொடியில் போட்டாள். துவைக்க மட்டும் அவள் தேவைப்பட்டாள்.

டிசம்பரில் ஆண்டுக் கூட்டம், ஞாயிறு பதினொரு மணிப் பூசை முடிந்த கையோடு. மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் தலைவர் நாற்காலியில் மலக்கி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும்.

"பதிவாளர்" என்று படித்தார் மலக்கி. "பெயர்கள் சொல்லுங்க."

கிரெட்டாவின் மருமகள் பெயரைச் சொன்னார்கள். ஆமோதித்தார்கள்.

"வேற யாராவது?"

பத்தொன்பது வருஷமாக அவள் பெயரைச் சொல்லி வந்த மாட்டிகூடத் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோரீன் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த அட்ராக்டாவுக்கே பாவமாக இருந்தது, மூக்கை உறிஞ்சினாள்.

"நோரீன் டூஹி பேரை நான் முன்மொழியறேன்."

குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது. ஃபின்டன் நின்றுகொண்டிருந்தான். இளைத்திருந்தான், முகத்தில் ரத்தமே இல்லை.

மலக்கிக்கு எட்டு மாதக் கோபமும் சேர்ந்து வந்தது. "உனக்கு இங்க பேச உரிமை இல்ல. நீ இந்த வருஷம் கிளப்புல உறுப்பினரே இல்ல."

"ஆமாப்பா. அதனாலதான் உயிரோட நிக்கறேன்."

சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினான். இடது தோளுக்குக் கீழே புதுத் தழும்பு, அதற்கடியில் தீப்பெட்டி அளவு ஒரு மேடு.

"போன மாசம் வேலைக்குப் படியேறும்போது மயங்கி விழுந்தேன். இதயம் நின்னுபோனா உதைச்சு எழுப்பற கருவி வச்சிருக்காங்க. 'படியேறினதுக்கே இப்படின்னா, மட்டையும் கையுமா மைதானத்துல ஓடியிருந்தா உன்னைப் பெட்டியிலதான் எடுத்துட்டு வந்திருப்பாங்க'ன்னாரு டாக்டர். இதெல்லாம் பிப்ரவரியிலயே எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான். அவங்க மறக்கல. வேணும்னேதான் என் பேரை விட்டாங்க. நீங்க எல்லாரும் அவங்களை ஏசினீங்க, நானும் சும்மா இருந்தேன்... என்னை மன்னிச்சுடும்மா."

நோரீன் எழுந்ததோ நடந்ததோ அவளுக்கு நினைவில்லை. மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "எனக்குச் சொல்லக் கூடாதாடா? ஆஸ்பத்திரியில தனியா கிடந்தியா? யாருடா சூப்பு வச்சுக் கொடுத்தா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் குனிந்து அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான்.

"நான் ஆமோதிக்கறேன்" என்றார் மாட்டி. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கிரெட்டாவின் மருமகள் எழுந்து தன் பெயர் வேண்டாம் என்றாள். அட்ராக்டா, "நான் ஒரு பாவி, என் வாயில புழு விழணும்" என்று சத்தமாகவே அழுதாள்.

நோரீன் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "உங்க எல்லாருக்கும் நன்றி. ஆனா எனக்கு வேணாம். பதியறவ ஒரு பேரை வேணும்னே விடக் கூடாது. நான் விட்டேன். இன்னொரு தரம் வந்தாலும் விடுவேன். அந்தப் பொண்ணே செய்யட்டும்."

அவளுக்கு அதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்த வேலை.

அப்போதுதான் மேடையைப் பார்த்தாள். தலைவர் நாற்காலி காலியாக இருந்தது.

மண்டபத்துக்குப் பின்னால், ஆடுகளத்தின் ஓரத்தில், ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் மலக்கி இருந்தார். தொப்பியில்லை, தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பரம்பரையா வர்றதுன்னு சொன்னாங்களா?" என்றார். அக்காவிடம் இல்லை, அவளிடமே.

"ஆமாங்க."

"அப்ப டெஸ்ஸி..."

'பந்துதாங்க' என்று ஒரு காலத்தில் சொன்ன வாயில் இப்போது அது வரவில்லை. பொய் சொல்லலாம், ஆனால் அவர் நம்ப மாட்டார்.

"இதுக்காகவா நோரீன்? எனக்குத் தெரியக் கூடாதுன்னா? நான் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசாம, நாய் மாதிரி நடத்தினேனே... அதையும் பொறுத்துக்கிட்டு?"

"நீங்க அப்போ சின்னப் பையன்தாங்க. அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்? டாக்டருக்கே தெரியாது."

"நீ மட்டும் மகனை விட மாட்டேன்னு நின்னே." அவர் ஈரமான புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் களைப்புன்னு மட்டும் சொல்லல நோரீன். உனக்கு நான் முழுசும் சொன்னதில்ல. இதே பெஞ்சுதான். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அண்ணே, பயமா இருக்கு, கொஞ்ச நேரம் இங்கயே உட்கார்ந்துக்கறேன்'னான். நான் கையை உதறிட்டு அவனைத் தூக்கி நிறுத்தினேன்."

எட்டு மாதம் ஊரின் ஏச்சையெல்லாம் வாங்கியது, தம்பி சாவுக்குத் தானே காரணம் என்ற வார்த்தை அவர் வாயில் வரக் கூடாது என்றுதான். வந்துவிட்டது. அவள் அவர் தலையை இழுத்துத் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். ஐம்பத்துநாலு வயது ஆள் தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். ஃபின்டன் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வந்தவன், அப்பாவின் மறுபக்கம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். மலக்கி அதை உதறவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.