ஏழாவது முதுகு

"ஆளை எண்ணுங்க சார்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே உஷாராணிக்குச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் இதோ எதிரில் உட்கார்ந்து இஞ்சி டீயை ஊதிக்கொண்டிருக்கும் தள மேலாளர் வாசுதேவன்தான். "இங்க என்ன வேணா கேளும்மா. லீவு கேளு, புது மாஸ்க் கேளு. குழியிலேர்ந்து ஏறி வந்தப்புறம் ஆளை மட்டும் எண்ணச் சொல்லாதே." அவரவருக்கு ஒரு கிறுக்கு என்று அவளும் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இன்று முடியவில்லை. இன்று அவள் முதுகை யாரோ தேய்த்துவிட்டிருந்தார்கள்.

மேற்கு டெல்லியில் என்றோ மூடிப்போன முலாம் பூசும் தொழிற்சாலை அது. வருஷக்கணக்காகக் குரோமியத் தண்ணீரைக் கொட்டிக் கொட்டிப் பின்கட்டில் மண் மஞ்சளாகிக் கிடந்தது. அதைச் சுரண்டி டிரம்களில் அடைத்து அனுப்பும் வேலை இன்றோடு முடிகிறது. நாலு மணிக்குக் கான்கிரீட் லாரி வந்து குழியை மூடிவிடும். குழிக்குள் இறங்குகிறவர்களுக்குத் தலையோடு மூடிய வெள்ளை உடை, முழுமுகக் கவசம். யார் யாரென்று தெரியாது என்பதால் முதுகில் டேப் ஒட்டிப் பெயர் எழுதுவார்கள். ஏறி வந்ததும், ஒட்டிய விஷ மண்ணைக் கழுவ, தரையில் பதித்த அகலமான தண்ணீர்த் தட்டில் வரிசையாக நிற்க வேண்டும். முன்னால் நிற்பவன் முதுகைப் பின்னால் நிற்பவன் நீளப் பிரஷ்ஷால் தேய்ப்பான். கடைசி ஆளுக்கு, முதலில் நிற்கும் தொழிலாளி ஆரிப் சுற்றிவந்து தேய்ப்பான். முதுகு தேய்க்காமல் யாரும் கவசத்தைக் கழற்றக்கூடாது, தட்டைத் தாண்டக்கூடாது. அது சட்டம்.

வரிசையில் எப்போதும் நடுவில் நிற்கும் உஷாராணி, கடைசி மண் மாதிரியை எடுப்பதற்காக இன்று தங்கிவிட்டு எல்லோருக்கும் பின்னால் ஏறினாள். பகல் மூன்று மணிக்கே வெளிச்சம் அழுக்குத் துணியால் வடிகட்டியது போல் இருந்தது. தலைக்கு மேல் பாலத்தில் மெட்ரோ போகும் சத்தம் மட்டும் கேட்டது, பாலம் தெரியவில்லை. கவசத்தின் வடிகட்டியையும் மீறி நாக்கில் துருப்பிடித்த காசின் ருசி ஏறிக்கொண்டிருந்தது. தட்டில் நின்றாள். தோளில் பிரஷ் பட்டது. தோளிலிருந்து இடுப்புக்கு, அக்குளுக்குள், முழங்காலின் பின்மடிப்பில், குதிகாலில். வேலை தெரிந்த கை. அவசரமே இல்லாத கை. ஆரிப்தான் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தவள், ஆரிப் முன்னால் பத்தடி தள்ளி நிற்பதைப் பார்த்தாள். அவன் பார்வை அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது.

"ஹோ கயா, மேடம்," என்றான். தேய்த்தாகிவிட்டதாம். தன் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு நடந்தான்.

திரும்பினாள். யாருமில்லை. தட்டுத் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது ஆபீஸ் கொட்டகைக்குள் ஹீட்டர் கம்பி சிவந்து கிடக்க, வாசுதேவன் டீக்கிளாஸை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினார்.

"எண்ணி?"

"இறங்கினது என்னோட சேர்த்து ஆறு. ஏறினது எத்தனைன்னு பாருங்க."

"ரெஜிஸ்டர்ல ஆறுன்னு இருக்கே."

"அதை நீங்க காலையிலயே எழுதி வெச்சீங்க."

சிரித்தார். "பி.டெக். படிச்சிட்டுப் பேய்க்கு அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறியா?"

"பேய்னு நான் சொல்லலையே சார்."

கிளாஸ் நின்றது. வெளியே மெட்ரோ ஒன்று போனது. அவர் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கலியன்னு ஒருத்தன். எங்க ஊர்ப்பக்கம், விருத்தாசலம். நான்தான் கூட்டிட்டு வந்தேன். நீ சேர்றதுக்கு மூணு நாள் முன்னாடி குழிக்கரை அவன் மேல சரிஞ்சுது."

"வெளிய எடுக்கலியா?"

"எடுத்தா செத்துட்டான்னு ஆயிடும். வேலை நிக்கும். ஊருக்குப் போயிட்டான்னு எழுதிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் சுண்ணாம்பு கொட்ட அஞ்சு பேர் இறங்கினாங்க. ஏறினப்போ எண்ணினேன். ஆறு. ஒவ்வொருத்தனா மாஸ்க்கைக் கழட்டுடான்னேன். அஞ்சு மூஞ்சி. திரும்ப மாட்டச் சொன்னேன்." கிளாஸைக் கீழே வைத்தார். "ஆறு."

ஹீட்டர் கம்பி டிக்கென்று ஒலித்தது.

"எண்ணினா எழுதணும். எழுதினா தோண்டணும். அதான் எண்ணுறதில்லே."

"அவன் ஏன் சார் முதுகு தேய்க்கிறான்?"

"வரிசையில நிக்கிறான். தேய்ச்சாத்தான் வெளிய போகலாம்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

"அவன் முதுகை யாரு தேய்ச்சாங்க?"

வாசுதேவன் காகிதம் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். மூடல் சான்று. 'குழிக்குள் யாரும் இல்லை.' கீழே பாதுகாப்புப் பொறியாளரான அவள் கையெழுத்துக்குக் கோடு.

உஷாராணிக்குத் தாசில்தார் ஆபீஸ் ஞாபகம் வந்தது. இந்தக் குடும்பத்தில் இதற்குமுன் பட்டம் பெற்றவர் யாரும் இல்லை என்று, அவள் படிப்புச் சலுகைக்காகக் கையெழுத்து வாங்கத்தான் அப்பா மூன்று நாள் அங்கே நின்றார். வாணியம்பாடித் தோல் பட்டறையில் இதே மஞ்சள் தண்ணீரில் நின்று நின்று, காலில் காசு காசாய் ஓட்டை விழுந்த அப்பா. அவரையும் எந்த ரெஜிஸ்டரும் எண்ணியதில்லை.

ரெஜிஸ்டரை இழுத்தாள். 'ஏறியவர்' என்ற கட்டத்தில் ஆறை அடித்து ஏழு என்று எழுதினாள். பக்கத்தில் கலியன் என்று தமிழில். சான்றைத் தொடவில்லை.

"வேலை போயிடும்மா."

"போவட்டும் சார். இன்னா இப்ப?"

"நீ போடலேன்னா நொய்டாலேர்ந்து ஒருத்தன் வந்து போடுவான். அரை மணி நேரம்தான்."

உண்மைதான். கேட் பக்கம் லாரி பின்னோக்கி வரும் பீப் பீப் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவள் எழுதிய பக்கத்தை அதற்குள் கிழித்துவிடுவார்கள். எல்லாம் தெரிந்தேதான் கதவோரம் சாய்த்திருந்த பிரஷ்ஷை எடுத்தாள்.

"உஷா, வேணாம். மாஸ்க் கூட இல்லாம..."

கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.

பனியும் புகையும் கலந்த மூட்டம். இடப்பக்கம் ஆரிப்பும் மற்ற நால்வரும் குந்தி உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து முகம். ஒருவரும் தட்டின் பக்கம் பார்க்கவில்லை.

பீப். பீப்.

தட்டில் ஒரு வெள்ளை உடை நின்றது. முதுகைக் காட்டியபடி. கைகளைச் சற்று அகட்டி, தேய்க்க வாகாக. டேப்பில் தமிழ் எழுத்து. வாசுதேவனின் கையெழுத்து. கலியன்.

காத்திருந்தது. பன்னிரண்டு நாளாக.

நெருங்கினாள். துருப்பிடித்த காசின் ருசி. தொண்டை வரை.

காலடி கேட்டிருக்க வேண்டும். அது திரும்பியது. மெல்ல.

முகக் கண்ணாடிக்குள் மஞ்சள் தண்ணீர். விளிம்பு வரை. அசையாமல்.

பிறகு, அடியிலிருந்து ஒரு குமிழி. நெற்றிவரை ஏறி உடைந்தது.

இன்னொன்று.

மூச்சு.

உஷாராணி நிற்கவில்லை. பிரஷ்ஷை இரு கையாலும் பிடித்துக்கொண்டு அதன் முதுகுப் பக்கமாக நடந்தாள்.