கிளிகள் திரும்பி வருமா

நாற்பது பள்ளிகள் சிட்டம்மாவுக்காகக் காத்திருந்தன. இன்று ஒன்பதாவது நாள்.

மலைப்பள்ளிகள் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பாடம் நடத்துவது காத்தொலி என்னும் பேசும் பெட்டி. பழைய வானொலி பேசிவிட்டுப் போய்விடும். இது கேள்வி கேட்கும். ஒவ்வொரு குழந்தையின் குரலையும் அடையாளம் கண்டு விடை வாங்கும். கேட்ட கேள்விக்கு விடை வராமல் பாடம் நகராது.

"மரத்தில் ஐந்து கிளிகள். இரண்டு பறந்துவிட்டன. இப்போது எத்தனை, சிட்டம்மா?" என்றது காத்தொலி. "அவசரமில்லை. காத்திருக்கிறேன்."

இரண்டாம் வகுப்புச் சிட்டம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணுன்னு சொல்லித் தொலையேன்டி! மத்த ஊர்ப் பிள்ளைங்கல்லாம் நம்மளத் திட்டுதுங்க," என்று கெஞ்சிய பூவரசன், பொறுக்க முடியாமல் சிட்டம்மா மாதிரியே குரலைச் சன்னமாக்கி, "மூணு" என்றான்.

"நன்றி, பூவரசா. உன் விடை முதல் நாளே வந்துவிட்டது."

வகுப்பே சிரித்தது. மரகதவல்லி டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் ஒலிபரப்பு மையத்து அதிகாரி கூப்பிட்டிருந்தார். இன்று மணியடிப்பதற்குள் சிட்டம்மா பேசாவிட்டால் அவள் குரலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களாம். பிறகு காத்தொலி அவளிடம் எதையுமே கேட்காது.

டீச்சர் அவளருகே தரையில் உட்கார்ந்தார். "கண்ணு, தப்பாச் சொன்னாலும் பரவால்ல. மனசுல என்ன ஓடுதோ அதச் சொல்லு."

சிட்டம்மா காத்தொலியைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டும் திரும்பி வருமா?"

கேள்வியை யார் கேட்டால் என்ன, விடை வராமல் பாடம் நகராது. அவள் குரல் நாற்பது பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. உடனே எல்லா ஊர்களிலிருந்தும் பதில்கள் இரைந்துகொண்டு வந்தன.

"பொழுது சாஞ்சா வந்துரும்!"

"வராது! எங்க ஊர்ல கொய்யா பழுத்திருக்கு, இங்கதான் இருக்கும்!"

"போடா, அது எங்க ஊர்க் கிளி!"

இரைச்சல் அடங்கியதும் காத்தொலி மெல்லச் சொன்னது: "எனக்குத் தெரியவில்லை. நான் கிளியைப் பார்த்ததே இல்லை."

அவ்வளவுதான். கிளிகள் திரும்பி வருகின்றனவா என்று பார்த்துக் காத்தொலிக்குச் சொல்ல, நாற்பது பள்ளிப் பிள்ளைகளும் கூச்சலோடு வெளியே ஓடினார்கள்.

டீச்சரின் கைபேசி அலறியது. "என்னம்மா இது, பாடம் அப்படியே நிக்குது! அந்தப் பொண்ணு பேசிச்சா இல்லையா?"

"பேசிட்டா சார். இப்ப விடை சொல்லாம இருக்கிறது உங்க காத்தொலிதான். அது பேர எடுத்துரலாமா?"



வாசல்வரை ஓடிய சிட்டம்மா திரும்பி வந்தாள். காத்தொலியின் மேல் படிந்திருந்த சாக்பீஸ் தூளைப் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள்.

"அவசரமில்ல," என்றாள். "நாங்க காத்திருக்கோம்."