ஒருமுறை சொன்னால் போதும்

நிலவின் தென்முனைக் குடியிருப்பில் வெளிக்கதவைத் திறப்பது உபசாரிதான். இடுப்புயர எந்திரம். காற்றழுத்தம் பார்க்கும், சமைக்கும், வீட்டில் இருப்பவரின் ஊர்ப் பழக்கத்துக்கேற்ப நடந்துகொள்ளும். அந்தப் பழக்கத்தை அதற்குள் ஏற்றுவதற்குப் பண்பாட்டடுக்கு என்று பெயர். பக்கத்து வீட்டு ஜப்பானியருக்கு உபசாரி குனிந்து வழிவிடும். பொள்ளாச்சியிலிருந்து வந்த பூவரசனை வெறும் வயிற்றோடு வெளியே விடாது.

“ரெண்டே ரெண்டு இட்லி. சூடா இருக்குதுங்க.”

“வேண்டாம், பசியில்ல.”

“அட, கூச்சப்படாம உக்காருங்க தம்பி.”

அவன் வயிற்றில் இட்லிக்கு இடமில்லை; முழுக்கப் பயம். குடியேற்ற அலுவலகத்தில் இன்று நேர்காணல். அனுமதி கிடைத்தால் மனைவி சங்கவி அடுத்த விண்கலத்திலேயே வந்துவிடுவாள். தவறவிட்டால் அடுத்த வருடம்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு மாதம்கூட அவர்கள் சேர்ந்திருக்கவில்லை.

“எத்தன தடவ வேண்டாங்கறது? கதவத் தொற!”

உபசாரி சட்னிக் கிண்ணத்தையும் எடுத்து வைத்தது. அவன் ஊர் விருந்துகளை லட்சக்கணக்கில் பார்த்துப் பழகிய எந்திரம். முதல் ‘வேண்டாம்’ மரியாதை, இரண்டாவது கூச்சம், அதற்குமேல் வருவது பசிக் கோபம் என்று அதற்குத் தெரியும். அவன் கதவை ஓங்கி உதைத்தான். கதவு அசையவில்லை, நிலவின் ஈர்ப்பில் அவன்தான் பின்னால் மிதந்துபோய்ச் சுவரில் மோதினான்.

“பாத்தீங்களா, ஒடம்புல தெம்பே இல்ல” என்றது உபசாரி.

பூவரசன் உதவிப் பொத்தானை அழுத்திக் கத்தினான். “இந்தச் சனியனோட பண்பாட்ட மொதல்ல கழட்டுங்க! சொன்னதச் சொன்னபடி எடுத்துக்கற மிஷின்தான் எனக்கு வேணும்.”

“நேர்ச்சொல் முறைக்கு மாற்றலாம்” என்றது உதவி மையக் குரல். “உங்களோடு தொடர்புள்ள எல்லா எந்திரங்களுக்கும் அது பொருந்தும். திரும்ப மாற்ற ஓராண்டு ஆகும். சம்மதமா?”

“நூறு தடவ சம்மதம்!”

கதவு திறந்தது. உபசாரி இட்லிகளைக் குப்பையில் கொட்டியது.

அலுவலகத்தில் அதிகாரி எந்திரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. “உங்கள் மனைவி அடுத்த கலத்திலேயே வர வேண்டுமா?”

அரசாங்க மேசைக்கு முன்னால் நின்றதும் பூவரசனின் தோள்கள் தாமாகவே குறுகின. கேட்டவுடன் ‘ஆமாம்’ என்றால் அலைகிறான் என்று நினைத்துவிட்டால்?

“உங்களுக்குச் சிரமம்னா வேண்டாமுங்க. எப்பத் தோதுப்படுதோ, அப்பப் பாத்துக்கலாம்.” தலையைச் சொறிந்து சிரித்தபடி, அது மறுபடி கேட்டு வற்புறுத்துவதற்காகக் காத்திருந்தான்.

“பதிந்தாயிற்று. இந்த ஆண்டு வேண்டாம். அடுத்தவர் வரலாம்.”

“ஐயோ, வேணுமுங்க! அது சும்மா ஒரு பேச்சுக்கு…”

“நேர்ச்சொல்லில் பேச்சுக்கு என்று ஒன்று கிடையாது.”

வீடு திரும்பி, படுக்கையில் சுருண்டபடி சங்கவியைக் கூப்பிட்டான். “இன்னொருக்கா கேக்கும்னு நெனச்சேன் புள்ள.”

“பின்ன, கேக்க வேண்டாமா? எடுத்த எடுப்புல யாராச்சும் ஆமான்னு சொல்லுவாங்களா?” என்றாள். “பரவால்ல விடுங்க. எனக்கொண்ணும் வருத்தமில்ல. வெச்சர்றேன்.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இன்னும் ஒரு மணி நேரமாவது அழுவாள். அவன் ஆறுதல் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அவள் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு, தொலைபேசி இணைப்பைத் துண்டித்தது.