முதலில் இறங்கிய சிவப்பு

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

ஆற்றோர போலீஸ் ஸ்டேஷனின் கறுப்பு டெலிபோன் காலங்காத்தாலேயே அலறியது.

கான்ஸ்டபிள் அக்பர் அலி ரிசீவரை எடுத்தார். கேட்டார். திரும்பினார்.

"சார்... அக்கரை ஸ்டேஷன்லேர்ந்து! கர்நாடகா போலீஸ்!"

இன்ஸ்பெக்டர் ராஜாமணி, வறுத்த வேர்க்கடலையை வாயில் எறிந்தபடியே ரிசீவரைப் பிடுங்கினார்.

"யாருய்யா அது?"

மறுமுனை அரைக் கன்னடமும் அரைத் தமிழுமாகப் பேசியது.

"நமஸ்காரா சார்... உங்க ஊரு பரிசல்காரன் மாதேஸ் லாக்கப்ல இருக்கான்... நீங்கோ..."

"எனக்கே சொல்றீங்களா? அவனைப் பிடிச்சதே நான்தான்யா!"

டொக்!

ரிசீவர் டெலிபோன் மேல் விழுந்தது. இன்ஸ்பெக்டரின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"பாத்தியா அக்பர்? நேத்து சாயங்காலம் பிடிச்சேன். விடியறதுக்குள்ள நம்ம பேரு காவேரியத் தாண்டிருச்சு!"

அக்பர் அலி தலையை மட்டும் ஆட்டினார். இருபது வருட சர்வீஸ்!

விஷயம் இதுதான்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் பச்சியப்பனை நேற்றுக் காலையிலிருந்து காணவில்லை. அவனுடைய பரிசல் மட்டும் கீழ்ப்புறப் பாறை ஒன்றில் கவிழ்ந்து கிடந்தது.

அவனுக்கும் இன்னொரு பரிசல்காரன் மாதேஸுக்கும் ஆகவே ஆகாது. 'உன்னை ஆத்துல அமுக்கறனா இல்லையா பாரு!' என்று மாதேஸ் முந்தாநாள் மீன் வறுவல் கடை முன்னால் கத்தியதை, கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்கிறார்கள்.

மாதேஸின் பரிசலைச் சோதித்தார்கள். உட்காரும் பலகைக்கு அடியில்... பச்சியப்பனின் பச்சைத் துண்டு!

துண்டு முழுக்க... சிவப்பு!

டாக்டர் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். "ரத்தமேதான்" என்றார். மனித ரத்தமா என்று சொல்ல வேண்டியது மெட்ராஸ் லேப். அங்கேயிருந்து பதில் வர நாற்பது நாள் ஆகும்.

மாதேஸோ லாக்கப்பில் உட்கார்ந்துகொண்டு ஒரே பாட்டைப் பாடினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க!"

---

"சார்!"

வாசலில் இரண்டு பெண்கள்.

அழுது அழுது மூக்கு சிவந்திருந்தவள் சாலம்மாள். அருவிக்குப் போகும் வழியில் மீன் வறுத்து விற்கிறவள். பக்கத்தில் கண்ணாடியும் கைப்பையுமாக நின்றவள் வஹிதா. இண்டூர் பக்கத்தில் இருக்கும் பட்டுப்புழு ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாலம்மாள் கடைக்கு ஆஜராகி, முள்ளைக்கூட மிச்சம் வைக்காதவள்.

"சார்... நாளைக்கு எனக்குக் கல்யாணம்ங்க!" சாலம்மாள் வெடித்தாள். "மாப்ளைய நீங்க உள்ள வெச்சிருக்கறீங்க!"

"கொலைகாரன்மா அவன்!"

"அவரு கொசுவ அடிச்சாக்கூட கைய மோந்து பாத்துட்டு வருத்தப்படுவாருங்க! இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள அவரு வெளிய வரலைன்னா, பாப்பாரப்பட்டி மாமன் பையனுக்குக் கழுத்த நீட்டுன்னு எங்கப்பன் சொல்லிட்டாருங்க. அந்த ஆளு... அந்த ஆளு..."

"குடிகாரனா?"

"மீனே சாப்பிட மாட்டானுங்க சார்!"

இன்ஸ்பெக்டருக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது.

வஹிதா முன்னால் வந்தாள்.

"சார், அந்தத் துண்டுல ஒரு முனைய மட்டும் வெட்டிக் குடுங்க. மனுஷ ரத்தமா இல்லையான்னு மத்தியானத்துக்கு மேல சொல்றேன்."

"நீங்க புழு டிபார்ட்மென்ட் ஆச்சே மேடம்?"

"புழுவோ மனுஷனோ... செல்லை உடைச்சா உள்ள இருக்கறது மூலக்கூறுங்கதான். குப்பைய ஒதுக்கிட்டு அதுங்களத் தனித்தனியாப் பிரிக்கறதுதான் சார் என் பொழப்பு."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். சாயங்காலம் மாதேஸைக் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். கையில் 'மனித ரத்தம்' என்று ஒரு விஞ்ஞானியின் வார்த்தை இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

"சரி. ஆனா நானும் கூட வருவேன். துண்டு என் கண்ணு முன்னாடிதான் இருக்கணும்."

"மனுஷ ரத்தம் இல்லைன்னா?"

"நாளைக்கு நானே மாப்பிள்ளைத் தோழனா நிக்கறேன்!"

கத்தரி 'க்ரிச்' என்றது. துண்டின் ஒரு முனை வஹிதாவின் கைப்பைக்குப் போனது. மிச்சத் துண்டு அரக்கு முத்திரையுடன் மெட்ராஸ் பஸ் ஏறியது.

---

ஆராய்ச்சி நிலையம். மூன்று கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக ஸ்டாண்டில் நின்றன. உள்ளே வெள்ளையாக ஏதோ நிறைந்திருந்தது.

"என்ன மேடம், சவ்வரிசிக் கஞ்சிய ஊத்தி வெச்சிருக்கீங்க?"

"ஜெல் சார். பொடிப் பொடி உருண்டைங்க. ஒவ்வொரு உருண்டையிலயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க."

வஹிதா துண்டுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊற வைத்தாள். தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆனது. அதை மெஷினில் வைத்துச் சுழற்றினாள். மண், நூல், உடைந்த செல்களின் சக்கை எல்லாம் அடியில் தங்கின. மேலே தெளிந்த சிவப்பு!

"இப்ப என்ன?"

"பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போயிருக்கீங்கல்ல? கடைத்தெருவுல ஒரு பொடிப்பய நடந்தா என்ன ஆவும்?"

"ஒவ்வொரு கடையா நுழைஞ்சு நுழைஞ்சு வருவான்."

"ஒரு எருமை நடந்தா?"

"எந்தக் கடைக்குள்ளயும் நுழைய முடியாது. நேரா தெருவத் தாண்டி... ஓ!"

"அவ்வளவுதான் சார்! இதுலயும் பெரிய மூலக்கூறு எந்த ஓட்டையிலயும் நுழையாது. முதல்ல வெளிய வந்துரும். சின்னது ஓட்டை ஓட்டையா நுழைஞ்சு லேட்டா வரும். மனுஷ ரத்தத்தோட சிவப்பு நடு சைஸ். இந்த நீலச் சாயம்தான் நம்ம எருமை. இது கூடவே விடறேன். மனுஷ ரத்தம்னா நீலம் முன்னால போவும்... சிவப்பு பின்னாலயே வரும்."

"ஒப்பிட மனுஷ ரத்தம்?"

வஹிதா ஊசியை எடுத்துத் தன் விரலில் நறுக்கென்று குத்தினாள்.

"ஐயோ!" கத்தியது அவள் இல்லை. இன்ஸ்பெக்டர்!

சாலம்மாள் அவருக்கு ஒரு நாற்காலியை நகர்த்தினாள்.

முதல் குழாயில், அதேபோல் செல்களை உடைத்துச் சுழற்றித் தெளிந்த வஹிதாவின் ரத்தம். இரண்டாவதில் துண்டின் சிவப்பு. இரண்டிலும் ஒரு சொட்டு நீலம். மேலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது.

சாலம்மாளுக்குக் கண் கொட்டவில்லை. தன் கல்யாணம் அந்தக் கண்ணாடிக்குள் இறங்கிக் கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். பயத்தில் முந்தானையை முறுக்கி முறுக்கி ஒரு கயிறே திரித்துவிட்டாள்.

முதல் குழாய்... நீலம் முந்தியது! சிவப்பு பின்தங்கியது!

"ஆஹா! அப்படியே நீங்க சொன்ன மாதிரி!" இன்ஸ்பெக்டர் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். "இப்ப ரெண்டாவது... ரெண்டாவது..."

கை பாதி வழியில் நின்றது.

இரண்டாவது குழாயில் நீலம் தனியாக இல்லை. சிவப்பும் தனியாக இல்லை. இரண்டும் ஒன்றாகக் கைகோத்து, கத்தரிப்பூ நிறத்தில் ஒரே பட்டையாக இறங்கிக் கொண்டிருந்தன!

"சிவப்பு... எருமை கூடவே வருது!" வஹிதா முணுமுணுத்தாள்.

"பச்சியப்பன் ஆறடி ஆளு மேடம். ரத்தமும் பெருசாத்தான் இருக்கும்!"

"ஆள் ஆறடியா இருந்தாலும் அறுபது அடியா இருந்தாலும் இந்த சைஸ் வராது சார். கோழி, ஆடு, மீனு... எதுக்குமே வராது. இது ரத்தம்தான். ஆனா ராட்சஸ ரத்தம்!"

"ராட்சஸனா?" இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது. "காட்டுல எதாச்சும்..."

வஹிதா ஜன்னல் வழியாக மல்பெரிப் பாத்தியையே பார்த்துக் கொண்டிருந்தாள். சட்டென்று கரண்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். தண்ணீர் பாயும் இடத்தில் தோண்டினாள். திரும்பி வந்தபோது உள்ளங்கையில் ஏதோ நெளிந்தது.

சாலம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஐயே... மண்புழு! தூண்டில்ல கோக்கற புழுதானக்கா இது!"

"அதேதான் சாலா!"

புழு அரைபட்டது. சுழற்றப்பட்டது. சக்கை அடியில் போனது. மேலே நின்ற சிவப்பு, நீலத்தோடு சேர்ந்து மூன்றாவது குழாய்க்குள் நுழைந்தது.

காத்திருந்தார்கள்.

கத்தரிப்பூ நிறம்!

"நம்ம ரத்தத்துல சிவப்பு, செல்லுக்குள்ள சின்னதா அடைச்சு இருக்கும் சார். மண்புழுவுக்கு அந்த செல்லே கிடையாது. சிவப்பு வெளியவே மிதக்கும். மூலக்கூறு ஒவ்வொண்ணும் பிரம்மாண்டம். டாக்டர் மேல தப்பில்ல. அந்த மருந்து இதையும் ரத்தம்னுதான் காட்டும்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சரிந்தார்.

"அப்போ... புழுவுக்காகவா நான் மர்டர் கேஸ் போட்டேன்?"

---

ஜீப் பறந்தது. ஸ்டேஷனுக்குள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்து வாசலில் இடித்துக் கொண்டார்கள்.

"டேய் மாதேஸ்!" இன்ஸ்பெக்டர் கம்பியை உலுக்கினார். "துண்டுல இருந்தது மண்புழு ரத்தம்டா!"

உள்ளே மாதேஸின் முகம் சந்தோஷத்தில் மலர்ந்திருக்க வேண்டும்.

மலரவில்லை. வெளிறியது! கொலைக் கேஸ் போட்டபோதுகூட அப்படி வெளிறவில்லை.

"சார்... சாலா முன்னாடி வேணாம் சார்..."

"என்னா வேணாம்?" சாலம்மாள் கம்பி அருகே வந்தாள். "சொல்லுய்யா! சொல்லலைன்னா நான் இப்பவே பாப்பாரப்பட்டிக்கு பஸ் ஏறிருவேன்!"

மாதேஸ் தலையைக் குனிந்தான்.

"திருடிட்டேன்."

"என்னத்த?"

"பச்சியப்பண்ணனோட... தூண்டில் புழுவ!"

ஸ்டேஷனே உறைந்தது. அக்பர் அலி "தூ!" என்றார். அவரும் ஆற்றோரத்தில் வளர்ந்தவர்தான்.

"வெய்யில்ல மண்ணு காஞ்சு இந்தக் கரையில ஒரு புழு இல்ல சாலா. உங்கப்பன் கல்யாணத்துக்குப் பெரிய மீனு கேட்டாரு. அண்ணன் ஈரத் துண்டுல மண்ணோட கட்டி வெச்சிருந்தாரு. எடுத்துப் பலகைக்கு அடியில ஒளிச்சேன். அந்நேரம் பாத்து பெங்களூர்லேர்ந்து ஒரு குண்டு சேட்டு குடும்பத்தோட ஏறி... எல்லாத்தையும் மிதிச்சுட்டாங்க. கூழா ஆனத ஆத்துல உதறிட்டேன்."

"இதை நேத்தே சொல்லித் தொலைக்கறதுக்கு என்னடா?" இன்ஸ்பெக்டர் அலறினார்.

"கொலைகாரன்னா பயந்துக்கிட்டாவது மரியாத குடுப்பாங்க சார். புழுத்திருடன்னா பரிசல் தொறையிலயே நிக்க வுட மாட்டாங்க! யாரு பொண்ணு குடுப்பா?"

சாலம்மாள் அவனையே பார்த்தாள். அடிக்கத்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கம்பிக்குள் கையை விட்டாள். அவன் காதைப் பிடித்து முறுக்கினாள். முறுக்கியபடியே அழுதாள். அழுதபடியே சிரித்தாள்.

"எனக்காவத்தான திருடுன? போய்த் தொலை!"

வஹிதாவும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். ஆனால் அவள் விஞ்ஞானி. கேள்வி பாக்கி இருந்தது.

"எல்லாம் சரி... பச்சியப்பன் எங்க?"

"புழு இல்லைன்னா அண்ணன் சும்மா இருக்க மாட்டாருங்க." மாதேஸ் காதைத் தடவினான். "அக்கரைக்குப் போவாரு. அந்தக் காட்டு நெழல்ல மண்ணு எப்பவும் ஈரமாத்தான் இருக்கும். தோண்டுனா புழு வரும்."

அக்கரை...

அக்பர் அலி மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"சார்... காலையில ஒரு போன் வந்துச்சு..."

இன்ஸ்பெக்டரின் வாயிலிருந்து வேர்க்கடலை கீழே விழுந்தது.

டெலிபோனைச் சுழற்றினார். கேட்டார். கேட்கக் கேட்க உட்கார்ந்தார்.

"என்னவாம் சார்?" வஹிதா அவசரப்படுத்தினாள்.

"நேத்துக் காலையில... சந்தனக் காட்டுல ஒருத்தன் மண்வெட்டியோட தோண்டிக்கிட்டு இருந்தானாம். சந்தன வேர் திருடறான்னு பிடிச்சு உள்ள வெச்சிருக்காங்க. ஆறடி ஆளு. பேரு..."

"பேரு?"

"மாதேஸ்னு சொல்லியிருக்கான்!"

---

பொழுது சாய்வதற்குள் எல்லோரும் அக்கரையில் இருந்தார்கள். பரிசல் ஓட்டியது நிஜ மாதேஸ்.

அக்கரை லாக்கப்பில் ஆறடிக்கு நின்றிருந்தான் பச்சியப்பன். உயிரோடு! ஒரு கீறல்கூட இல்லாமல்!

"ஏன்டா அவன் பேரைச் சொன்ன?" இன்ஸ்பெக்டர் சீறினார்.

"என் பேரச் சொன்னா எங்கூட்டு மானம் போயிருமேங்க சார்! அதான் ஆகாதவன் பேரச் சொன்னேன்."

"உன் பரிசல் கவுந்து கெடந்துச்சேடா?"

"அவசரத்துல சரியாக் கட்டலைங்க. புழு போன ஆத்திரம்..."

இரண்டு போலீஸும் கை குலுக்கின. கதவு திறந்தது. வெளியே வந்த பச்சியப்பனின் பார்வை, வாசலில் நெளிந்துகொண்டு நின்ற மாதேஸ் மேல் போய் நின்றது. அவனுக்குக் கொலைக் கேஸ் தெரியாது. கண்ணாடிக் குழாய் தெரியாது. நாளைக்கு மாப்பிள்ளைத் தோழனாக நிற்கப்போகும் இன்ஸ்பெக்டரின் கவலையும் தெரியாது.

ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும்.

"டேய்... என் புழு எங்கடா?"

மாதேஸ் தலையைச் சொறிந்தான்.

"மெட்ராஸ் போயிருக்குதுண்ணா... திரும்பி வர நாப்பது நாள் ஆவுமாம்!"